நாலாவது பீப்பாய்

பிப்ரவரி 12

தம்பி,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழிச்சுப் போட்டுடாதே. ஆறு வருஷம் கழிச்சு அக்கா எழுதுறாளே, யாரோ செத்துட்டாங்க போலன்னு நினைப்பே. யாரும் சாகல. என் மூக்குதான் செத்துப்போச்சு.

விளையாட்டுக்குச் சொல்லல. டிசம்பர்ல பத்து நாள் காய்ச்சல். போகும்போது வாசனையையும் கையோட கூட்டிட்டுப் போயிடுச்சு. முதல்ல எனக்கே தெரியல. ஒரு நாள் காலையில அடுப்புல பால் பொங்கி, தீஞ்சு, வீடு முழுக்கப் புகை. நான் அடுத்த அறையில முதுகைக் காட்டி உட்கார்ந்து பட்டன் தைச்சுக்கிட்டிருக்கேன். எதிர்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். டாக்டர் மூக்குக்குள்ள விளக்கடிச்சுப் பார்த்துட்டு, "வரலாம், வராமலும் போகலாம்"னார். இதைச் சொல்றதுக்கு அவர் எதுக்கு, நானே சொல்லியிருப்பேன்.

விஷயத்துக்கு வர்றேன். இதுவரைக்கும் எல்லா ஒயின் பீப்பாயையும் ஒண்ணாக் கலந்து, வருஷம் திரும்பறதுக்குள்ள பாட்டில்ல அடைச்சு அனுப்பிட்டிருந்தோம், உனக்கே தெரியும். இந்தத் தடவை தோட்டத்து முதலாளியம்மா புதுசா ஆசைப்படுறாங்க. பிரான்ஸ்ல போர்தோ ஊர்ப் பாணியில, கேபர்நே திராட்சையும் மெர்லோ திராட்சையும் கலந்து, இருபது வருஷம் நிலவறையில கிடந்து பழுக்கிற மாதிரி ஒரு சிவப்பு ஒயின். அதுக்காக ஆறு பீப்பாயை ரெண்டு வருஷமா யாரும் தொடாம வச்சிருக்கோம். எது கலவைக்குள்ள போகணும், எது வெளிய நிக்கணும்னு நான்தான் சொல்லணும். ஏப்ரல் மாசத்துக்குள்ள.

தினமும் கிளாஸைச் சுத்தி, மூக்கை உள்ள விட்டு, கண்ணை மூடித் தலையாட்டறேன். பழைய நோட்டுல இருக்கிறதையே கொஞ்சம் மாத்திச் சொல்றேன். கிளாஸ்ல பச்சைத்தண்ணி இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இருபத்திரண்டு வருஷம் மூக்கை வச்சுப் பிழைச்சவ, இனிமே வேற என்ன வேலைக்குப் போறது?

நாக்கு இருக்கு. புளிப்பு, கசப்பு, துவர்ப்பு எல்லாம் சுத்தமாத் தெரியுது. மூக்குதான் இல்ல. உன் மூக்கு வேணும்.

உன்னை வேலையை விட்டு அனுப்பச் சொன்னது யாருன்னு நான் மறக்கல. ஏழாவது பீப்பாய் மூடியைத் திறந்து போட்டுட்டு, வாயில ரப்பர் குழாயோட நீ தரையில கிடந்தே. அடுத்த வாரம் பார்த்தா அந்தப் பீப்பாய் மொத்தமும் புளிச்சுக் காடியாயிடுச்சு. முதலாளியம்மாகிட்ட போய்ச் சொன்னவ நான்தான். அன்னைக்கு உன்கிட்ட சொன்னதையே இன்னைக்கும் சொல்றேன். உன் வாய்தான் பொய் பேசும். உன் மூக்கு பேசாது.

பதில் போடு. போன் பண்ணாதே, போன் முதலாளியம்மா மேசைமேல இருக்கு.

அக்கா

பிப்ரவரி 20
நாள் 1512

அக்கா,

தேதிக்குக் கீழ இருக்கிற நம்பர் என்னன்னு கேப்பே. கடைசியாக் குடிச்ச நாளுக்கு மறுநாளை ஒண்ணுன்னு வச்சு எண்ணிட்டு வர்றேன். எதை எழுதினாலும் மேல போட்டுடுவேன், கை பழகிப்போச்சு. நான் வேலை பார்க்கிற பைண்டிங் கடை ஓனர் ரொம்ப நாள் அதை ஏதோ கட்டு நம்பர்னு நினைச்சுக்கிட்டிருந்தார்.

உன் மூக்கைப் பத்திப் படிச்சதும் பாவமா இருந்துச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கோவம் வந்துச்சு. அதுக்கப்புறம் ரெண்டும் மாறி மாறி வந்துக்கிட்டிருக்கு. இந்த ஆறு வருஷத்துல நான் உயிரோட இருக்கேனான்னு ஒரு கார்டு போட்டியா? இப்ப மூக்கு வேணும்னதும் விலாசம் கிடைச்சுடுச்சு.

நான் எப்படி நடக்கிறேன்னு உனக்குத் தெரியாது. ரூமிலிருந்து கடைக்கு நேர் வழியில ஏழு நிமிஷம். அந்த வழியில ரெண்டு ஒயின் கடை இருக்கு, அதனால பதினெட்டு நிமிஷம் சுத்திப் போறேன். ஓட்டல்ல உட்கார்ந்தா மேசைமேல இருக்கிற வினிகர் பாட்டிலை எடுத்துப் பக்கத்து மேசையில வச்சிட்டுத்தான் சாப்பாடே சொல்லுவேன். பார்க்கிறவங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும். கடையில பசை வாசனை, அட்டை வாசனை, அது ரெண்டும் போதும் எனக்கு. என்கிட்ட வந்து ஒயினை முகர்ந்து சொல்லுன்னு கேக்கிறே. திருடன் கையில சாவியைக் குடுத்த கதையா இருக்கு.

முடியாது. நீ கேட்டதுக்குப் பதில் இவ்வளவுதான்.

அந்த ஆறு பீப்பாயும் அதே இடத்துலதானா? மூணாவதுல அந்தப் பென்சில் சீவல் வாசனை இன்னும் வருமா? சும்மா கேட்டேன். பதில் எழுத வேணாம்.

தம்பி

பிப்ரவரி 27

தம்பி,

முடியாதுன்னு நீ எழுதினே. நான் அனுப்பிட்டேன். மரத்தூள் போட்ட சின்னப் பெட்டி, உள்ள ஆறு மருந்து பாட்டில், காத்து புகாம கழுத்து வரைக்கும் நிரப்பி மெழுகு வச்சிருக்கேன். நம்பர் ஒட்டியிருக்கு. கொட்டணும்னா கொட்டிடு, நான் கேக்கமாட்டேன்.

இது தப்புன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் செய்றேன். தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன.

நீ குடிக்க வேண்டாம். கிளாஸ்ல கூட ஊத்தாதே. மூடியைத் திற, ரெண்டு தடவை முகர், மூடு. அவ்வளவுதான். வாயில வச்சுப் பார்க்கிற வேலை என்னோடது, இங்க அதே பீப்பாயிலேர்ந்து எடுத்து நான் வச்சுப் பார்த்துக்கிறேன். மூக்கு உன்னோடது, நாக்கு என்னோடது. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆள் தேறும்.

ஆமா, அதே ஆறு இடம், அதே வரிசை. முதல் மூணும் ஆறாவதும் கேபர்நே, நாலும் அஞ்சும் மெர்லோ. எந்தக் கொடி எந்தப் பீப்பாய்க்குன்னு உனக்கு மனப்பாடம். இதுக்கு மேல பீப்பாய்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். முகர்றவன் காதுல ஒண்ணைப் போட்டா மூக்கு அதையே திருப்பிச் சொல்லும்னு நீதானே குதிப்பே? சுவர்ல சாக்பீஸ்ல தேதி எழுதியிருந்தாக் கூடத் துணியைப் போட்டு மூடுவே. அந்தச் சட்டத்தை நான் இன்னும் மீறல.

ஏழாவது இருந்த இடம் காலியாத்தான் இருக்கு. தரையில வளையம் மாதிரி ஒரு கறை. எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது.

அக்கா

மார்ச் 7
நாள் 1527

அக்கா,

பெட்டி வந்து சேர்ந்துச்சு. ஒரு பாட்டிலும் உடையல. நேத்து ஜன்னலைத் திறந்து வச்சிட்டு ஒவ்வொண்ணாப் பார்த்துட்டேன். கீழ இருக்கு.

ஒண்ணு: கறுப்புத் திராட்சைத் தோல், மழை நின்னதும் தோட்டத்துல வர்ற மண். சுத்தம்.

ரெண்டு: பச்சைக் குடமிளகாய்க் காம்பு. பழுக்காத பழம் சேர்ந்திருக்கு. பள்ளத்துக் கொடியில எப்பவும் வர்றதுதான். இதை வெளிய வை.

மூணு: பென்சில் சீவல். அப்புறம் சுருட்டுப் பெட்டி. நல்லது.

நாலு: பழுத்த பிளம்ஸ், கொஞ்சம் கிராம்பு. சுத்தம்.

அஞ்சு: அதே பிளம்ஸ், ஆனா சாக்லேட் கூடுதல். மூணோட சேரும்.

ஆறு: திறந்ததும் பூ, அப்புறம் ஈரக் கருங்கல். ஆறு பீப்பாய்லயும் இதுதான் ராஜா. மேட்டுக் கொடியாச்சே.

அவ்வளவுதான். கை நடுங்கல. உடனே மூடிட்டேன்.

இங்க ஒரு வக்கீல் ஆபீசுக்கு முந்நூறு பெரிய புத்தகம் பைண்ட் பண்றோம். வேலை அதிகம். அடிக்கடி எழுத முடியாது.

தம்பி

மார்ச் 15

என் தம்பி,

உன் கடிதத்தை எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியல. படிக்கப் படிக்க எனக்கே வாசனை வர்ற மாதிரி இருந்துச்சு. மூணு மாசமா சோத்தையும் சுண்ணாம்பையும் ஒண்ணா மென்னுக்கிட்டிருக்கேன், உன் 'மழை நின்ன மண்'ணைப் படிச்சதும் அழுகை வந்துடுச்சு. பக்கத்துல யாரும் இல்ல, அதனால நல்லாவே அழுதேன்.

இப்ப நாக்கோட கணக்கு. ஒண்ணு இன்னும் முரடா இருக்கு, துவர்ப்பு ஈறைப் பிடிக்குது. அது நல்லதுக்குத்தான், இருபது வருஷம் கிடக்கணும்னா அந்த முரட்டுத்தனம் வேணும். மூணு நேரா நிக்குது. அஞ்சு மெத்துனு இருக்கு. ஆறை வாயில வச்சா விழுங்கினதுக்கப்புறமும் போகவே மாட்டேங்குது, நாப்பது வரைக்கும் எண்ணினேன். ரெண்டைப் பத்தி நீ சொன்னதே போதும்.

நாலாவதுதான் இடிக்குது. முதல்ல நல்லா இருக்கு. கடைசியில ஒரு இரும்புத்தனம், சாவியை நாக்குல வச்ச மாதிரி. வாய் வறண்டுபோகுது. நீ சுத்தம்னு எழுதியிருக்கே. உன் மூக்குக்கும் என் நாக்குக்கும் இதுவரைக்கும் சண்டை வந்ததில்ல. நாலாவதை மட்டும் இன்னொரு தடவை முகர்ந்து பார்த்து எழுதுறியா? இந்த மாசம் முடியறதுக்குள்ள வந்தாப் போதும்.

நீ எப்படி இருக்கே? நம்பர் ஏறுதா? ஒவ்வொரு தடவையும் கடிதத்தைப் பிரிச்சதும் முதல்ல அதைத்தான் பார்க்கிறேன்.

அக்கா

மார்ச் 23
நாள் 1543

அக்கா,

நாலாவது சரியாத்தான் இருக்கு. அந்தப் பீப்பாய் நிக்கிற சுவரோரம் ஈரம் அதிகம், அதுல இருக்கிற ஒயின் சின்ன வயசுல எப்பவும் வாயை வறட்டும். உனக்கு ஞாபகம் இல்லையா? நாலஞ்சு வருஷம் போனாச் சரியாயிடும். யோசிக்காம உள்ள சேரு.

இனிமே பாட்டிலைப் பத்திக் கேக்காதே, அக்கா. பெட்டி அலமாரிக்கு அடியில இருக்கு. ரூமுக்கு வந்தாலே அது அங்க இருக்குன்னு ஞாபகம் வருது. அதனால வேலை முடிஞ்சும் கடையிலேயே உட்கார்ந்து அட்டை வெட்டிக்கிட்டிருக்கேன். ஓனருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எனக்குப் பொறுப்பு வந்துடுச்சாம்.

உன்கிட்ட இன்னொண்ணு சொல்லணும்னு இருந்தேன். அப்புறம் சொல்றேன்.

தம்பி

ஏப்ரல் 4

தம்பி,

கலந்தாச்சு. ஒண்ணு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. ரெண்டாவது வெளிய. அஞ்சு பீப்பாயையும் பெரிய தொட்டியில இறக்கி மூணு நாள் ஆறவிட்டு, நேத்து முதலாளியம்மாவுக்கு ஒரு கிளாஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முகர்ந்தாங்க. இன்னொரு தடவை முகர்ந்தாங்க. "புதுத் தோல்பையைத் திறந்த மாதிரி ஒரு வாசனை வருதே. இதுதான் பெரிய ஒயினுக்கு அடையாளம்"னாங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. இருபத்திரண்டு வருஷத்துல அந்தம்மா என்கிட்ட கிளாஸைத்தான் நீட்டியிருக்காங்க, கையை நீட்டினதில்ல. நானும் ஆமா ஆமான்னு மண்டையை ஆட்டி வச்சேன்.

ஒரே ஒரு சந்தேகம். நீ எழுதினதுல தோல்பை எங்கயும் இல்லையே? கலந்தப்புறம் புதுசா அப்படி வருமா? வரும்தானே?

வடிகட்ட வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க, வடிகட்டினா ஒயினோட உடம்பு இளைச்சுப்போகுமாம். பாட்டில் அடைக்கிற வண்டி இருபதாம் தேதி வருது. அதுக்கப்புறம் நிலவறைக்குள்ள போய்ப் படுத்துக்க வேண்டியதுதான், ஒயினும் நானும்.

இது உன் மூக்கு செஞ்சது. லேபிள்ல என் பேரும் இருக்காது, உன் பேரும் இருக்காது. பரவாயில்ல. உனக்கு ரெண்டு பாட்டில் எடுத்து வைக்கிறேன்னு எழுதப் போனேன், பாதியில கை நின்னுடுச்சு. என்ன ஜென்மம் நான்.

அக்கா

ஏப்ரல் 12
நாள் 1563

அக்கா,

பாட்டில்ல அடைக்காதே. மீதியை அப்புறம் படி. தொட்டியிலேயே கிருமி சாகக் கந்தகம் போடு, இருக்கிறதுலயே ரொம்பச் சின்னக் கண்ணு வடிகட்டியில ரெண்டு தடவை வடிகட்டு. உடம்பு இளைச்சா இளைக்கட்டும்.

தோல்பை நல்ல வாசனை இல்ல. அதுதான் ஆரம்பம். ஏதோ ஒரு பீப்பாய்க் கட்டையில கெட்ட ஈஸ்ட் ஒளிஞ்சிருக்கு. முதல்ல தோல்பைன்னு வந்து எல்லாரையும் மயக்கும். அப்புறம் குதிரை லாயம். அதுக்கப்புறம் புண்ணுல ஒட்டி எடுத்த பிளாஸ்திரி. பாட்டிலுக்குள்ள போயிட்டா வருஷா வருஷம் வளரும், எடுக்கவே முடியாது. உன் நாக்கு சரியாச் சொல்லுச்சு. இரும்புத்தனம், வாய் வறட்சி, எல்லாம் அதுதான்.

நான் பாட்டில்களைத் திறக்கவே இல்ல, அக்கா.

பெட்டி வந்ததும் மேசைமேல வச்சு மூணு நாள் பார்த்துக்கிட்டே இருந்தேன். மூணாவது நாள் ஒண்ணாம் நம்பரை எடுத்து மெழுகுல நகத்தை வச்சேன். வாயில எச்சில் ஊறிடுச்சு. திரும்ப வச்சு மூடி, அலமாரிக்கு அடியில தள்ளிட்டேன். அப்புறம் உட்கார்ந்து ஞாபகத்துலேர்ந்து எழுதினேன். அதே கொடி, அதே பீப்பாய், அதே இடம், ஆறு வருஷத்துல என்ன பெருசா மாறிடப் போகுதுன்னு. நீ நாலாவதை மறுபடி பார்க்கச் சொன்னப்பவும் திறக்கல. சுவரோரம் ஈரம்னு கதை விட்டேன்.

'என்னால முடியல'ன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம். கை வரல. ஆறு வருஷம் கழிச்சு அக்கா என்கிட்ட ஒண்ணு கேக்கிறா. நம்பிக் கேக்கிறா. அதுக்கும் இவன் லாயக்கில்லன்னு ஆயிடக் கூடாதுன்னு பார்த்தேன். இப்ப அதைவிடப் பெருசா ஆயிடுச்சு.

உன் கடிதத்துல தோல்பைன்னு படிச்சதும் ஓடிப்போய் நாலாவதைத் திறந்தேன். லாயம்தான். சந்தேகமே இல்ல. அந்த ஒரு பாட்டில் மொத்தத்தையும் கழுவுத்தொட்டியில கொட்டி, குழாயைத் திறந்துவிட்டேன். குடிக்கல.

தபாலாபீஸ்லேர்ந்து ரெண்டு நாள் போன் பண்ணேன். ரெண்டு நாளும் முதலாளியம்மாதான் எடுத்தாங்க. நான் வாயைத் திறந்தா உன் மூக்கு விஷயம் வெளிய வந்துடும். வச்சிட்டேன். வண்டி இருபதாம் தேதின்னு எழுதியிருக்கே, பதிவுத் தபால்ல அனுப்புறேன், அதுக்குள்ள வந்துடும்.

தம்பி

ஏப்ரல் 21

தம்பி,

உன் கடிதம் பதினேழாம் தேதி காலையில வந்துச்சு. பாட்டில் அடைக்கிற வண்டி பதினஞ்சாம் தேதியே வந்துடுச்சு. வேற ஏதோ தோட்டத்துல வேலை தள்ளிப்போச்சாம், சும்மா நிக்கிறதுக்குப் பதிலா இங்க வந்துட்டாங்க. ரெண்டே நாள். பதினாறாம் தேதி சாயந்திரம் கடைசித் தக்கையை அடிச்சு முடிச்சோம். ஆயிரத்து நானூத்தி எண்பது பாட்டில். ஒவ்வொண்ணையும் படுக்க வச்சது நான்தான்.

கடிதத்தைப் படிச்சிட்டு நிலவறைக்குப் போனேன். ஒரு பாட்டிலைத் திறந்து மூக்கை உள்ள விட்டுக்கிட்டு நின்னேன். ஒண்ணுமே வரல. அழுகியிருந்தாலும் எனக்கு அதேதான், அமிர்தமா இருந்தாலும் அதேதான். அவ்வளவு நேரம் எதுக்கு நின்னேன்னு தெரியல.

அப்புறம் முதலாளியம்மாகிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். மூக்கு போனதை, கலவை கெட்டதை, ரெண்டையும். அவங்க கேட்டாங்க, "உனக்கு வாசனை தெரியலன்னு நீயே சொல்றே. அதுல கெட்ட வாசனை அடிக்குதுன்னும் நீயே சொல்றே. எப்படி?" தம்பி சொன்னான்னேன். "எந்தத் தம்பி? குழாயோட தரையில கிடந்தானே, அவனா? வேலிக்கு ஓணான் சாட்சியா?"ன்னாங்க. பரிசோதனைக்காவது ஒரு பாட்டிலை அனுப்புங்கன்னு கெஞ்சினேன். போன வாரம் வந்த விருந்தாளிங்க எல்லாரும் அந்தத் தோல்பை வாசனையைப் பாராட்டினாங்களாம். எனக்கு உடம்பு சரியில்லாததால மனசும் கெட்டுப்போச்சாம். கோவமாக் கூட சொல்லல, தலையைத் தடவிச் சொன்னாங்க.

வேலையை விட்டு அனுப்பல. லேபிள் ஒட்டுற அறைக்கு மாத்திட்டாங்க. கெட்டுப்போகப்போற ஒயினுக்கு லேபிள் ஒட்டிக்கிட்டிருக்கேன், 'இருபது வருஷம் வைத்திருந்து அருந்தவும்'னு. பசை வாசனை எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும், எனக்கு அதுவும் இல்ல.

உன்மேல கோவம் வருது. வரலன்னு சொன்னாப் பொய். ஆனா நாலாவது பீப்பாயைப் பத்தி உனக்கு ஒண்ணு சொல்லியாகணும். அது பழைய பீப்பாய் இல்ல. பழசோட பலகை வெடிச்சுப்போய், மூணு வருஷத்துக்கு முன்னாடி வேற எங்கயோ உழைச்ச பீப்பாய் ஒண்ணைக் கொண்டுவந்து அந்த இடத்துல வச்சாங்க. நான் அதை உனக்கு எழுதல. முகர்றவன்கிட்ட முன்கூட்டிச் சொல்லக் கூடாதுன்னு. ஒரு வரி எழுதியிருந்தா நீ அதை மட்டும் ஞாபகத்துலேர்ந்து எழுதியிருக்க மாட்டே. சட்டத்தைக் காப்பாத்தினேன், ஒயினை விட்டுட்டேன்.

எதுக்கு உன்னைச் சொல்லணும்? குடியை விட்டவன் வீட்டுக்குப் பெட்டி கட்டி ஒயின் அனுப்பினவ நான். வேற எந்த அக்கா செய்வா? யாரோ போன்ல மூச்சு மட்டும் விடுறான்னு முதலாளியம்மா அன்னைக்குச் சொன்னப்ப நான் சிரிச்சேன், தம்பி. அது நீன்னு எனக்குத் தோணவே இல்ல.

உன் கடிதத்துல 'குடிக்கல'ன்னு ஒரு வார்த்தை இருக்கு. இங்க உன்னை யாரும் நம்பமாட்டாங்க. நான் நம்புறேன். இவ்வளவு நாசத்துலயும் அது ஒண்ணாவது தப்பிச்சுது. மீதி அஞ்சு பாட்டிலையும் மெழுகோட அப்படியே துணியில சுத்திக் குப்பையில போட்டுடு. திறக்காதே. எனக்காக இனி எதையும் முகர வேணாம்.

அக்கா

மே 2
நாள் 3

அக்கா,

நம்பர் தப்பில்ல.

குப்பையில போடத்தான் துணியில சுத்தினேன். வாசல் வரைக்கும் போயிட்டேன். நீ என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு, அதை நான் செய்யவே இல்லையேன்னு தோணுச்சு. ஒரு தடவையாவது உனக்கு உண்மையா முகர்ந்து எழுதிடலாம்னு திரும்பி வந்து உட்கார்ந்தேன். இனி இதுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, தெரியும்.

ஒண்ணு, நான் எழுதின மாதிரியேதான். மழை நின்ன மண்.

ரெண்டுல குடமிளகாய் இல்ல. ஒரு துளிகூட இல்ல. செர்ரிப் பழம், பழுத்து வெடிச்ச செர்ரி. அதை நீ வெளிய வச்சது என்னாலதான்.

மூணுல பென்சில் சீவல் அப்படியே இருக்கு. அதை முகர்ந்ததும், நாம ரெண்டு பேரும் பீப்பாய்மேல உட்கார்ந்து யார் முதல்ல கண்டுபிடிக்கிறதுன்னு சண்டை போட்டது ஞாபகம் வந்துச்சு. அஞ்சு, சாக்லேட். இது வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். முகர்ந்து முகர்ந்து மூடிட்டேன்.

ஆறுல பூ வரல. வேற என்னென்னமோ வந்துச்சு, ஒண்ணு போனா இன்னொண்ணு, பேர் வைக்கிறதுக்குள்ள மாறிடுச்சு. உனக்கு எழுதணும், எழுத வார்த்தை கிடைக்கல. ஒரே ஒரு வாய் வச்சுப் பார்த்தா சொல்லிடலாம், வச்சிட்டுத் துப்பிடலாம்னு நினைச்சேன். அதுதான் நான் எனக்கே சொல்லிக்கிட்ட பொய். துப்பல. அப்புறம் மத்த நாலையும். அப்புறம் ஒயின் கடை இருக்கிற அந்த ஏழு நிமிஷ வழியில நடந்து போனேன்.

நாலு நாள் கடைக்குப் போகல. ஓனர் ரூமுக்கே வந்து கதவைத் தட்டி, ஒண்ணும் கேக்காம ஒரு வாளித் தண்ணி பிடிச்சு வச்சிட்டுப் போனார். நேத்துலேர்ந்து வேலைக்குப் போறேன். வக்கீல் ஆபீஸ் புத்தகம் இன்னும் அறுபது பாக்கி இருக்கு.

நீ நம்புறேன்னு எழுதினதால இதை மறைச்சு 1583ன்னு போட்டுடலாம்னுகூடப் பார்த்தேன். உனக்குத் தெரியவே வந்திருக்காது. முடியல.

ஆறாவது ரொம்ப நல்லா இருந்துச்சு, அக்கா. நாலாவதோட சேராம தனியா வச்சிருந்தா இருபது வருஷம் தாங்கியிருக்கும். இதை என் வாய்தான் சொல்லுது. ஆனா பொய் இல்ல.

தம்பி